மனம் மாறிய தந்தை

மெஷின் பாய் என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியும். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். வயது ஐம்பத்திரண்டு. பதினோரு வருடமாக என் வீட்டு மெஷினுக்கு அவர்தான் வைத்தியர். இதைத் தொலைத்துத் தலைமுழுகிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வேன். "வாங்குங்க மேடம், யாரு வேணாங்கறா. இதைத் தூக்கி எனக்குக் கொடுத்துடுங்க, இன்னும் பத்து வருஷம் ஓட்டுவேன்" என்பார். அதற்கப்புறம் வாங்க எனக்கு எப்படி மனசு வரும்?

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வந்ததும் ஒரு பழைய போர்வையைத் தரையில் விரிப்பார். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே அதன் மேல் இடமிருந்து வலமாக அடுக்குவார். அந்த வரிசையில் யாராவது கை வைத்தால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மெஷினைச் சுழல விட்டு, திருப்புளியின் ஒரு முனையை அதன் முதுகில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். "பேரிங் போச்சு" என்பார். போயிருக்கும். உள்ளே அகப்பட்ட ஊக்கு, பொத்தான், சில்லறை எல்லாவற்றையும் ஒரு டப்பா மூடியில் போட்டு நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஒருமுறை என் தோடு ஒன்று அந்த மூடியில் வந்தது. அந்தத் தோட்டுக்காக ஒரு வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட்டு நான் ஏற்கெனவே நிறுத்தியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு கல்வி அறக்கட்டளையில். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாத வீடுகளுக்கு உதவுகிற இடம். விண்ணப்பம் வந்ததும் நேரில் போய் வீட்டைப் பார்த்து, நாலு பேரிடம் பேசி, அறிக்கை எழுதித் தருவது என் வேலை. இருபது வருடத்தில் ஆயிரம் வீட்டுப் படியாவது ஏறியிருப்பேன். கதவைத் திறக்கிற விதத்திலேயே உள்ளே என்ன நிலைமை என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். இந்த வருட ஆண்டு மலருக்கு மெஷின் பாயைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: மனம் மாறிய தந்தை. எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இல்லாததெல்லாம் இங்கே இருக்கிறது.

பதினோரு வருடமாக நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. போன வருடம்தான், மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார். பெரிய பெண்ணுக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறதாம். ஐந்து வருடம். விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் பாய் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தகுதி இருந்தால் மட்டும் கொடுங்கள், தெரிந்தவன் என்று கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே தலையை விட்டார்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறும்போது என் மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திரை தொங்கும், பெண்கள் அதற்குப் பின்னால் இருப்பார்கள், பேசுவதெல்லாம் அவர்தான். பதினோரு வருடம் பழகிய மனிதரைப் பற்றி இப்படி ஒரு படம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓடியது உண்மை.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். உட்காரச் சொல்லி எனக்குக் கையைக் காட்டிவிட்டு, போனில் இருந்த யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். முதலில் கீழே இருக்கிற ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், பாதி நோய் அங்கேதான் இருக்கும், அதற்கும் சரியாகவில்லை என்றால் ஆளை அனுப்புகிறேன். இப்படிப் போனிலேயே பாதி மெஷின்களைச் சரிசெய்து விடுவாராம். இவளால் என் பிழைப்பில் மண் என்று பாய் சிரித்தார். அலைந்து திரிந்து ஃபில்டர் கழுவிவிட்டுக் காசு கேட்க வெட்கமாக இல்லையா என்று அந்த அம்மாள் என் எதிரிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பால்கனி முழுக்க அட்டை வீடுகள். மெஷின் வருகிற அட்டைப்பெட்டிகளைப் பாய் மடிப்பு விழாமல் பிரித்துக் கொண்டுவந்து தருவாராம். பெண் அவற்றை வெட்டி ஒட்டிக் கட்டடம் கட்டுவாள். அவர்கள் குடியிருக்கிற அதே கட்டடத்தையும் செய்து வைத்திருந்தாள், அதில் மட்டும் லிஃப்ட் இருந்தது. இவ்வளவு ஆசை இருக்கிற பெண், ஐந்து வருடப் படிப்பு வேண்டாம், மூன்று வருடத்தில் முடிகிற கணக்குப் படிப்பு போதும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். தங்கை இருக்கிறாள், வாப்பாவுக்கு முதுகு வலி இருக்கிறது என்று விரல் விட்டுக் காரணம் சொன்னாள். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"இவளைக் கொஞ்சம் கேளுங்க மேடம். கிடைச்ச சீட்டை வேணாங்கறா. என் முதுகைப் பத்தி இவ எதுக்குக் கவலைப்படறா? முதுகு என்னோடது."

ஆக, அந்த வீட்டில் பெண்ணைப் படிக்க வைக்க மல்லுக்கட்டியவர் அப்பாதான். என் இரண்டு கண்ணால் பார்த்தேன், இரண்டு காதால் கேட்டேன்.

திரும்பி வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. காரணம் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஐந்து பேர். தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர், தன் ஓய்வூதியத்தில் பாதியை இதில் கொட்டுகிறவர். டாக்டரம்மா ஒருவர், ஏழைப் பிள்ளைகள் என்றால் உருகிப்போவார். கெட்டவர்கள் என்று ஒருவரையும் கைகாட்ட முடியாது, அதுதான் சங்கடமே. சில வருடம் முன்னால் ஒரு முஸ்லிம் பெண் இரண்டாம் வருடத்தில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்டாள். அதே வருடம் வேறு வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அப்படித்தான் நின்றார்கள். அந்த இரண்டு பேரை யாருக்கும் நினைவில்லை. அதிலிருந்து அந்த மாதிரிப் பெயர் வந்தாலே தலைவர் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவார். பாவம், பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்று டாக்டரம்மா பெருமூச்சு விடுவார். ஃபைல் அடியில் போய்விடும். ஐந்து ஃபைல் அப்படிப் போனதை நான் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்ததில்லை.

அப்பாவுக்கு விருப்பம், அம்மா கெட்டிக்காரி, பெண் நன்றாகப் படிப்பாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் நம்ப மாட்டார்கள். நம்பினாலும் யாருக்கும் கண் கலங்காது. கண் கலங்காத ஃபைலுக்குப் பணம் வராது, இது என் இருபது வருட அனுபவம். அதனால் ஒரு காரியம் செய்தேன். எதைச் சொல்லி அவர்கள் ஃபைலைத் தள்ளுவார்களோ அதையே எடுத்து முதல் வரியில் வைத்தேன். தந்தை மிகக் கண்டிப்பானவர். பெண்ணை மேற்படிப்புக்கு அனுப்ப மறுத்தார். பெண் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து சம்மதம் வாங்கியிருக்கிறாள். இப்படி ஒரு பெண்ணை நாம் கைவிடலாமா?

பத்து நிமிடத்தில் ஒப்புதல். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்விக்குறி போடத் தலைவர் பென்சிலைக் கையில் எடுக்கவே இல்லை. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை. ஒரு பொய்யில் ஒரு பெண்ணுக்கு ஐந்து வருடப் படிப்பு, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் தலைவர் ஒரு தாளை நீட்டினார். அப்பா கண்டிப்பானவர் என்கிறீர்களே, நாளைக்கு மனசு மாறிவிட்டால்? ஒரு உறுதிமொழி வாங்கிவிடுவோம் என்றார். நியாயமாகத்தான் பேசினார். என் அறிக்கையை நம்புகிற எவரும் அப்படித்தான் பேசுவார்கள். கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. உதவி வழங்கும் விழா வியாழக்கிழமை. நான் தாளை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

பாய் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். என் மகளின் படிப்பு முடியும்வரை அவளுக்குத் திருமணம் செய்து வைக்க மாட்டேன். அவள் கல்லூரிக்குச் செல்வதைத் தடுக்க மாட்டேன். படித்து முடித்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எல்லா அப்பாக்களும் இதுல கையெழுத்துப் போடறாங்களா மேடம்?"

"எல்லாரும்தான் பாய்" என்றேன். நாக்கு கூசவில்லை.

போட்டார்.

விழாவுக்கு அவர் மனைவி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெண்ணும் தங்கையும் முன்வரிசையில். ஒவ்வொரு வீடாக மேடைக்குக் கூப்பிட்டுக் காசோலை கொடுத்துக்கொண்டு வந்தார்கள். பாய் பெயர் வந்ததும் தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். மூன்று நாள் கதையை அப்படியே சொன்னார், என் வார்த்தைகளிலேயே. கதவைச் சாத்திய தந்தை, சோற்றைத் தொடாத மகள். பாய் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடுமேடையில் நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எது நடந்தது, யார் எழுதியது எல்லாம் அவருக்குப் புரிந்து முடிந்ததை நான் பார்த்தேன். ஏனென்றால் அவர் நேராக என்னைத்தான் பார்த்தார்.

"அப்பாவே ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று தலைவர் ஒலிபெருக்கியை அவர் பக்கம் நீட்டினார்.

முன்வரிசையில் பெண் எழுந்துவிட்டாள். வாயைத் திறக்கப் போனாள். பாய் உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகக் காட்டி உட்கார் என்றார். அவள் உட்காரும்வரை காத்திருந்தார்.

"ஆமாங்க. அப்போ எனக்குப் புத்தி இல்ல. இப்போ வந்துடுச்சு."

அரங்கம் முழுக்கக் கைதட்டல். எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள். காசோலை தலைவர் கையில் இருந்தது, கட்டணத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது, அந்த மனிதர் வேறு என்ன சொல்ல முடியும்? அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் என் பக்கம் குனிந்தார்.

"எந்த மூணு நாள் அக்கா?"



இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். பாய்தான் கதவைத் திறந்தார். அவர் மனைவி நான் இருந்த நேரம் முழுக்கச் சமையலறையை விட்டு வரவில்லை. பெண்ணும் உள்ளேயே இருந்தாள். பேசியதெல்லாம் அவர்தான். நான் முதலில் எதை எதிர்பார்த்து அந்தப் படி ஏறினேனோ அந்த வீடு இப்போதுதான் எனக்குக் கிடைத்தது. நாளைக்கே தலைவரிடம் போய் எல்லாம் என் கற்பனை என்று சொல்லிவிடுகிறேன் பாய் என்றேன். அவர் உள்ளே போய் விண்ணப்பத்தின் நகலை எடுத்துவந்து ஏழாவது விதியை விரலால் காட்டினார். தகவல் பொய்யென்று தெரிந்தால் உதவி ரத்து.

"யாரு பொய் சொன்னாங்கன்னு பாக்க மாட்டாங்க மேடம். ஃபைல் என் பொண்ணு பேர்ல இருக்கு. அஞ்சு வருஷம் முடியற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு அவர் பட்டது கொஞ்சமல்ல. விழாவுக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். ஒரு அம்மாள், அவர் மெஷினைக் கழற்றி எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, பெண் குழந்தைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினாராம். ஆமாம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டே பெல்ட் மாற்றியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அந்த அம்மாளேதான், பெருமையாக. அவர் தெருவில் வேறு மாதிரி. பச்சைப்பிள்ளையைப் பட்டினி போட்டவன் என்று சொந்த அக்காவே வீட்டுக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். இல்லை என்று அக்காவிடம் சொன்னால் ஊருக்குப் பரவும், ஊருக்குப் பரவினால் தலைவர் காதுக்கு வரும். அதனால் அக்காவிடமும் ஆமாம் என்றே சொல்லிவிட்டார்.

கல்லூரியில் பெண்ணைப் பார்க்கிறவர்கள் எல்லாம் தைரியசாலி என்று தட்டிக்கொடுத்தார்கள். முதல் பருவம் முடிவதற்குள் நின்றுவிடுகிறேன் என்று அழுதிருக்கிறாள். நான் இத்தனை கேவலப்பட்டது வீணாகப் போகட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார். மறுநாள் அவள் கல்லூரிக்குப் போயிருக்கிறாள். வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது, போனில் ஃபில்டர் கழுவச் சொல்கிற சத்தத்தைத் தவிர.

இத்தோடு விட்டதா என்றால் இல்லை. இந்த வருடம் உறுதிமொழித் தாள் ஒன்பது பிரதி என் மேஜைக்கு வந்தது. எந்த வீட்டுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையில்லை, எந்த ஒன்பது வீடு என்று விண்ணப்பத்தில் இருக்கிற பெயர்களைப் பார்த்தாலே தெரியும். போன வருடம் நல்ல பலன் கொடுத்ததே என்றார் தலைவர். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்பதாமவர் முட்டைக் கடைக்காரர். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண்ணின் அப்பா. தாளைப் படித்துவிட்டு, முட்டை அட்டைகளுக்கு மேல் அதை வைத்து என் பக்கம் தள்ளினார்.

"எதிர்க்கடை டெய்லரும் தன் பொண்ணுக்கு விண்ணப்பம் போட்டிருக்காரு. அவர்கிட்ட இதைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியும். தந்தை ஒத்துழைக்கவில்லை என்று எழுதி ஃபைலை மூடினார்கள். அந்தப் பெண் இப்போது அந்தக் கடையிலேயே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். முட்டைக்காரருக்குக் கோபம் என்மேல்கூட இல்லை, பாய் மேல்தான். நீ மேடையேறி எடுத்த பிச்சைதான் இன்றைக்கு எங்கள் தலையில் விடிந்திருக்கிறது என்று கடைத்தெருவில் வைத்துக் கேட்டாராம். பாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டு முடித்துவிட்டுப் போனாராம்.

அதைக் கேள்விப்பட்டபின் என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று பாய் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தலைவர் அறைக்குள் போனேன். அறிக்கை முழுக்கப் பொய், எழுதியது நான், என்னை வேலையை விட்டு அனுப்புங்கள், அந்தப் பெண்ணின் உதவியைத் தொடாதீர்கள், இந்தத் தாளை மட்டும் கிழித்துப் போடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உங்களுக்கு ரொம்ப இளகின மனசும்மா. அவரே மேடையில ஒத்துக்கிட்டாரே, நாங்க எல்லாரும் கேட்டோமே." கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அவங்க ஆளுங்க யாராவது உங்களை மிரட்டினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

இல்லை சார் என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். மூன்றாவது முறை சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையைப் பார்த்ததும் அவருக்கு உறுதியாகிவிட்டது. இனிமேல் அந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தனியாகப் போக வேண்டாம், துணைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார்.

பாய் வீட்டுக்கு மட்டும் துணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். உதவியை இரண்டாம் வருடத்துக்குப் புதுப்பிக்கிற படிவம் கையில் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே அவருக்கு முகம் மாறிவிட்டது. என் பெண் சீட்டை வைத்தா விளையாடினீர்கள் என்று எழுந்துவிட்டார். அந்தக் குரலை நான் பதினோரு வருடத்தில் கேட்டதில்லை. முழுக்கக் கேளுங்கள் பாய் என்று கெஞ்சி, தலைவர் சொன்னதைச் சொன்னேன். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ பீஸுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"இனிமே நானே போய்ச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

"மாட்டாங்க பாய். உங்களுக்குப் பழைய புத்தி திரும்பிடுச்சும்பாங்க."

"பொண்ணு சொன்னா?"

"நீங்க மிரட்டிச் சொல்ல வெச்சீங்கம்பாங்க."

சமையலறை வாசலில் அவர் மனைவி வந்து நின்றிருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. படிவத்தை வாங்கி மேஜையில் விரித்து, பேனாவை எடுத்து என் பக்கம் வைத்தார்.

படிவத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்கள். தந்தையின் மனமாற்றம்: நீடிக்கிறது, நீடிக்கவில்லை. வீடு பார்க்க வந்தவர் குறியிட வேண்டும். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையும் படித்தார்.

"இது நீங்க போடற இடமா?"

"ஆமா பாய்."

"போடுங்க."

நீடிக்கிறது என்பதற்கு நேராகக் குறியிட்டேன். அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்து, கீழே கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னும் மூணு தடவை இருக்கு மேடம்" என்று என்னிடம் கொடுத்தார்.